முதல் நாள் வேனில் ஏறாதீர்கள்

பாங்காக் போய் வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வருகிறது. "ஒரே கூட்டம், எங்க பார்த்தாலும் ஏமாத்துறாங்க." இல்லையென்றால், "பட்டாயா சூப்பர், பாங்காக்ல ஷாப்பிங் மட்டும்தான்." இந்த இரண்டுக்கும் அந்த ஊர் பொறுப்பு என்று நான் நினைக்கவில்லை. விடியற்காலை இறங்கியவரை அப்படியே வேனில் ஏற்றி, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பட்டாயாவுக்குக் கொண்டுபோய், வழியில் ஒரு நகைக்கல் கடையில் உட்காரவைத்து, மூன்று வேளையும் பன்னீர் மசாலா போட்டுத் திருப்பி அனுப்பினால், அவர் வேறு என்ன சொல்வார்? ஒரு பெருநகரம் முதல் நாளில் எப்படித் தெரியும் என்பது நாம் அதற்குள் எப்படி நுழைகிறோம் என்பதைப் பொறுத்தது. பாங்காக்கில் முதல் நாளை ரயிலுக்கும் படகுக்கும் நடைக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அன்றைய போக்குவரத்துச் செலவு ஆளுக்கு நூற்றுச் சொச்சம் பாட்தான் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்).

கிளம்புவதற்கு முன்பு ஒரு வேலை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல. தேடினால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் அந்த மாதிரித் தளங்கள்தான், அதனால் முகவரியைப் பார்த்துத் திறவுங்கள்.

சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்கள் சூரியன் எழும் நேரத்தில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். தூக்கக் கலக்கம், கையில் பெட்டி, தெரியாத நாணயம், இவை மூன்றும் சேரும் இந்தச் சில மணி நேரத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு பணம் மாற்றுவதில். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுண்டர்களில் மாற்றாதீர்கள். மின்தூக்கியில் 'பி' என்று குறித்திருக்கும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். ரயில் நிலையமும் அங்கேதான் இருக்கிறது, அதை ஒட்டியுள்ள மாற்றுக் கடைகளில் விகிதம் தெளிவாகவே நன்றாக இருக்கும். நம் ரூபாய்க்கு அங்கே மதிப்புக் குறைவு, டாலராகக் கொண்டுபோவது நல்லது. அதிலும் நூறு டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விகிதம் ஐந்து, பத்து டாலர் நோட்டுகளுக்குக் கிடைக்காது. மை பட்டது, கிழிந்தது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிப்பார்கள், ஆகவே சிறுசிறு தொகையாகப் பல முறை எடுக்காதீர்கள். "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா" என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்பதையே அழுத்துங்கள். வேண்டும் என்றால் விகிதத்தை அந்த இயந்திரத்தின் வங்கி தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளும்.

அதே தளத்தில் ஏர்போர்ட் ரயில் லிங்க். காலை ஐந்தரை மணி முதல் நள்ளிரவு வரை ஓடுகிறது. கடைசி நிலையமான பாயா தாய்க்கு 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் தருவார்கள்; உள்ளே போகும்போது வாயிலில் தொட்டுக் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். பாயா தாயில் மேம்பால ரயிலான பிடிஎஸ்ஸுக்கு மாறலாம். அதற்கு முன்பே வரும் மக்காசானில் இறங்கினால் சுரங்க ரயிலான எம்ஆர்டியின் பெட்சபுரி நிலையத்துக்கு ஒரு நடைபாலம் உண்டு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பிடிஎஸ், எம்ஆர்டி, விமான நிலைய ரயில் மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட், ஒன்றில் வாங்கியதை இன்னொன்றில் காட்டினால் வாயில் திறக்காது. எம்ஆர்டியில் தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையே வாயிலில் காட்டலாம். பிடிஎஸ்ஸில் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ராபிட் கார்டு வாங்குவதாக இருந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள், பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். பெரிய பெட்டியோடு காலை ஏழு மணிக்கு மேல் ஏறினால் அலுவலகம் போகிறவர்களின் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு முன் ஏறிவிடுங்கள், முடியாவிட்டால் ஒன்பது மணி வரை விமான நிலையத்திலேயே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு இருங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு இறங்குகிறவர்களுக்கும் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கும் டாக்ஸிதான் சரி. முதல் தளத்தில் வெளியே உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நேரே நிற்கும் வண்டியில் ஏறுங்கள். புகார் சொல்ல நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் ஆதாரம், ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையத்துக்கான தனிக் கட்டணமும் விரைவுச் சாலைச் சுங்கமும் உண்டு. சுங்கச் சாவடியில் பணத்தை நீங்கள் எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கம், அது ஏமாற்று அல்ல. ஊருக்குள் கை காட்டி நிறுத்தும்போது இன்னொன்று கவனியுங்கள். முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி காலி என்று பொருள். சிவப்பைப் பார்த்து ஆள் இருப்பதாக நினைத்துப் பலர் வண்டிகளை விட்டுவிடுகிறார்கள்.

முகவரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் எரிச்சலில் பாதி இதனால் வருவது. பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துக்கு சோய் என்று பெயர். சுகும்வித் 22 என்றால் சுகும்வித் சாலையில் 22ஆம் கதவு எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது 22ஆம் சோய். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எண்கள் ஏறுவதில்லை. தோங் லோ ரயில் நிலையத்தில் ஒரு பக்கம் சோய் 55, எதிர்ப்பக்கம் சோய் 38. அடுத்த நிலையம் எக்காமாயில் 63க்கு எதிரே 42. எண் பக்கத்தில் இருக்கிறதே என்று நடக்கத் தொடங்கினால் இரண்டு நிலையத் தூரம் வெயிலில் நடப்பீர்கள். ரயில் நிலையத்தின் பெயரையும் எந்த எண் வாசலில் வெளியேற வேண்டும் என்பதையும் ஹோட்டலிடம் முன்பே கேட்டு வாங்குங்கள். ஹோட்டல் பெயரைத் தாய் எழுத்தில் போனில் சேமித்து வையுங்கள், ஆங்கில எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படும் ஓட்டுநர்கள் நிறைய. சோய்க்குள் நீள நடக்க முடியாவிட்டால் முனையில் ஆரஞ்சு நிற மேலங்கியோடு வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள்.

பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு நேரே ஆற்றுக்குப் போங்கள். பிடிஎஸ்ஸில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே சத்தமாகக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நீலக்கொடிச் சுற்றுலாப் படகுக்காரர்கள். உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. எங்கே இறங்கினாலும் 16 பாட். படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். பின்புறத்தில் கயிற்றோடு நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுநருக்குச் சைகை கொடுத்து ஒதுக்குவார். விசில் கேட்ட பிறகு எழுந்தால் இறங்க முடியாது, ஒரு துறைக்கு முன்பே பின்பக்கம் வந்து நில்லுங்கள். தா தியன் துறையில் இறங்கினால் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சாய்ந்து படுத்திருக்கும் வாட் போ கோயில். அதே துறையிலிருந்து 5 பாட் கொடுத்து அக்கரை போனால் வாட் அருண். அந்தப் பெயர் நம் அருணன்தான். கோயில், கோபுரம், வீடு, குடிசை, கண்ணாடி மாளிகை எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்கும் இந்த ஊரை ஆற்றிலிருந்து பார்த்தால்தான் அதன் ஒழுங்கு புரிகிறது. வேன் கண்ணாடி வழியே தெரிவது போக்குவரத்து நெரிசல் மட்டும்.

மன்னரின் பெரிய அரண்மனைப் பக்கம் போகும்போது நல்ல உடையோடு ஒருவர் மிக மரியாதையாக வந்து, "இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கிறது" என்பார். இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட ஒரு டுக் டுக்கும் (அந்த ஊர் ஆட்டோ) அருகிலேயே நிற்கும். அது போய் நிற்கும் இடம் தையல் கடை அல்லது நகைக்கல் கடை. ஓட்டுநருக்குக் கடையிலிருந்து கமிஷன் வருகிறது, அதனால்தான் இருபது பாட். சாதாரண நாட்களில் அரண்மனை காலை எட்டரைக்குத் திறந்து விடுகிறது, டிக்கெட் மூன்றரை வரை, 500 பாட். மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கொடுக்கும் வாசலில் கேட்டு மட்டும் நம்புங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் சைவர்கள் படும் பாட்டுக்குக் காரணம் 'வெஜ்' என்ற சொல். காய்கறி என்றே அது புரிந்துகொள்ளப்படும், காய்கறியை மீன் சாறு விட்டுத்தான் வதக்குவார்கள். பப்பாளி சாலடில் உலர்ந்த இறால் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்க்க 17 போலவே இருக்கும் ஓர் எழுத்தைத் தேடுங்கள். 'ஜே' என்று படிக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையலைவிடக் கறாரான சைவம்.

மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ இருந்தால் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள்.

சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு நம்மவர்கள் எப்படியும் போகிறார்கள். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள் என்பதே பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் வேன்கள் அதிகம் நிற்காத இன்னோர் இடமும் நமக்கு உறவு. எம்ஆர்டியில் சாம் யோத் நிலையத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாலை நடுவே சிவப்பு நிறத்தில் ராட்சத ஊஞ்சல் நிற்கிறது. 1784இல் நிறுவப்பட்டது. மார்கழியை ஒட்டி வரும் திரியம்பாவாய், திரிபாவாய் சடங்குக்காக அதில் ஆடினார்கள். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயர்கள். 1935இல் ஊஞ்சலாடுவது நின்றுபோனது. பக்கத்திலேயே இருக்கும் தேவசதான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். ஊஞ்சலைச் சுற்றி நிழல் அதிகம் இல்லை.