தும்பாவில் முதலில் பறந்தது ரோகிணி இல்லை
1963 நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் ரோகிணி என்று, இந்தியாவின் ஆய்வு ராக்கெட்டுகள் பற்றிய ஒரு கட்டுரையில் வந்திருக்கிறது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட். முதல் ரோகிணியான ஆர்எச்-75 பறந்தது 1967-ல்தான். பெயரில் உள்ள அந்த 75, மில்லிமீட்டரில் அதன் விட்டம். கிட்டத்தட்ட பெரிய வாணம்தான்!

ரோகிணி வரிசையில் எனக்குப் பிடித்தது ஆர்எச்-200. இரண்டு அடுக்கு, இரண்டிலும் திட எரிபொருள். மேலே போய் முடி போன்ற செப்பு இழைகளைக் கொட்டிவிடும். அவை காற்றில் மிதந்து இறங்குவதைத் தரையிலிருந்து ராடார் பின்தொடரும். காற்றின் வேகமும் திசையும் அப்படித்தான் கிடைக்கும். அந்த உயரத்துக்குப் பலூன் ஏறாது, செயற்கைக்கோளோ அவ்வளவு கீழே சுற்ற முடியாது. அப்புறம், 2022 நவம்பரில் இதே ஆர்எச்-200 தொடர்ச்சியாக 200-வது முறை வெற்றிகரமாகப் பறந்தது. அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.