டைனோசருக்கு அப்பாலும் 90கள் உண்டு

நீங்கள் வெளியிட்ட, 90களின் உலக சினிமா பற்றிய கட்டுரையில் ‘ஜுராசிக் பார்க்’, ‘டைட்டானிக்’ என்று கிராஃபிக்ஸுக்கே பாதி இடம் போய்விட்டது. ஈரானுக்கு ஒரே ஒரு வரி! மனசு ஆறவில்லை. 1990இல் வந்த, ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’ படத்தில், காலால் தட்டிவிட்ட ஸ்ப்ரே டப்பா ஒன்று சரிவில் கடகடவென்று உருண்டு போகும். கேமராவும் பொறுமையாக அதையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளே ஒருவர் கைதாகிறார், நாமோ தெருவில் நிற்கிறோம். நிஜத்தில் தன்னை ஈரானின் இன்னொரு இயக்குநரான மக்மல்பாஃப் என்று சொல்லி ஏமாற்றியவரும், ஏமாந்த குடும்பமும் அவரவராகவே நடித்த படம் அது. இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

டென்மார்க் இயக்குநர்கள் தொடங்கிய ‘டாக்மே 95’ என்ற சினிமா இயக்கம் பற்றியும் எழுதியிருக்கலாம். கேமரா கையிலேயே இருக்கணும், தனியாக லைட் போடக்கூடாது என்ற விதிகளோடு, சின்ன வீடியோ கேமராவில் எடுத்த ‘ஃபெஸ்டன்’ படம் 1998 கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. அடுத்த பகுதியில் இவற்றை அவசியம் சேருங்கள்.