நிங்கலூவில் கூடாரமே போதும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடற்கரையில் பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்கினோம் என்று சொன்னால், "கடலைப் பார்த்த மாதிரி ஒரு நல்ல ஹோட்டல்கூடவா இல்லை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எக்ஸ்மவுத் ஊருக்குள் ஹோட்டல் இருக்கிறது. பவளப்பாறையை ஒட்டிய கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் கரையோரத்தில் பெரிய ஹோட்டல் எதுவும் கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பவளப்பாறை இவ்வளவு தூரம் தப்பித்திருப்பதற்கு அந்த ஹோட்டல் இல்லாததும் ஒரு காரணம்.

நிங்கலூ பவளப்பாறை கரையை ஒட்டியே சுமார் 260 கிலோமீட்டருக்கு நீள்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் நல்ல இடங்களைப் பார்க்கப் பெரும்பாலும் படகேறிப் போக வேண்டும். இங்கே சில இடங்களில் மணலிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நீந்தினாலே கண்ணெதிரே பவளம். நிலம் வறண்டது, சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஆறுகள் பக்கத்தில் இல்லை, அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருப்பதே அதற்கு ஆபத்தும்கூட. கரையில் மனிதர்கள் செய்கிற எதுவும் சீக்கிரமே பவளத்தை எட்டிவிடும். கழிவுநீர் கலந்தால் பாசி செழித்துப் பவளத்தின் மேல் படரும். கரையில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தால், மணலுக்குள்ளிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும்.

இதே கரையில், கோரல் பே என்ற ஊருக்கு அருகே மாட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் படகுத்துறையோடு ஒரு பெரிய உல்லாச விடுதி கட்டத் திட்டம் போட்டார்கள். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2003இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. 2011இல் நிங்கலூ கடற்கரை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அன்று அந்த மக்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால், இன்று என் பிள்ளைகள் பார்த்த கடல் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

வசதி குறைவுதான். முகாம்களில் குடிநீர் கிடையாது, முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மின் இணைப்பு இல்லை, தீ மூட்ட அனுமதி இல்லை. கைபேசி சிக்னலும் பெரும்பாலான இடங்களில் எடுக்காது. பகல் ஏறினால் தென்மேற்குக் காற்று வலுத்து, கூடாரத்துக்குள் எல்லாவற்றிலும் மணல். இருட்டிய பிறகு கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும் என்பதால் மாலைக்குள் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. இதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டு போனால் போதும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பாறைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமானது. முதல்முறை தண்ணீருக்குள் முகம் வைக்கிற பிள்ளை மீனைப் பார்ப்பதில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிகிறது, வாயால் மட்டும் மூச்சு விடுவது பயமாக இருக்கிறது, உப்பு தொண்டையில் இறங்குகிறது. ஒரு மணி நேரப் படகுச் சுற்றுலா என்றால் அந்தப் போராட்டத்திலேயே நேரம் முடிந்து, "பார்த்தாச்சு" என்று கரையேற வேண்டியதுதான். கூடாரத்தில் தங்கினால் அவசரமே இல்லை. காலையில் காற்று எழுவதற்கு முன், கடல் அசையாமல் கிடக்கும்போது இறங்கலாம். குளிர்ந்தால் ஏறி, வெயிலில் காய்ந்து, மறுபடி இறங்கலாம். மறுநாளும் அதே இடத்துக்கே போகலாம்.

அந்த "அதே இடம்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் மகள் ஒரு சின்ன டாம்செல் மீனைக் கண்டுபிடித்தாள். விரல் நீளம்தான் இருக்கும். பவளக் கிளைகளுக்கு நடுவே தனக்கென்று வளரும் பாசியை அது காவல் காக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீன் வந்தாலும் விரட்டும், மனிதர்கள் நெருங்கினாலும் முகத்துக்கு நேராகப் பாய்ந்து வரும். ஒவ்வொரு காலையிலும் அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் முதலில் இறங்கினாள். அப்புறம் கிளிமீன்கள். அவை பாறையைக் கடித்துச் சுரண்டும் 'கருக் கருக்' சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். விழுங்கிய சுண்ணாம்பைப் பொடியாக வெளியேற்றுகின்றன, கரையில் நாம் உட்காரும் வெள்ளை மணலில் அதுவும் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் மகன் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பூங்காவிலுள்ள டர்க்காய்ஸ் பே என்ற சிறு விரிகுடாவில் நீரோட்டம் ஆளைத் தானாகவே பவளத்தின் மேல் வடக்கு நோக்கி இழுத்துப் போகும், சுகமாகத்தான் இருக்கும். மணல்திட்டு முனை வருவதற்குள் கரையேறிவிட வேண்டும். தவறினால், பாறையில் உள்ள இடைவெளி வழியாக அதே நீரோட்டம் வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். நீச்சலில் உறுதியில்லாத பிள்ளையை அங்கே இறக்கக்கூடாது. ஆய்ஸ்டர் ஸ்டாக்ஸ் என்ற இன்னொரு இடத்தில் ஓதம் ஏறி, கடல்மட்டம் நன்றாக உயர்ந்திருக்கும்போது மட்டும்தான் இறங்க வேண்டும், வற்றியிருந்தால் வயிறு பாறையில் உரசும், பவளமும் உடையும். ஆழமில்லாத இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்துடுப்பு வேண்டாம் என்பது என் கருத்து, உதைக்கும் உதையில் பவளக் கிளைகள் முறிகின்றன. உருண்டையாக வளரும் பவளங்களில் பலவும் ஒரு வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனை விற்க ஹவாய் 2021இலிருந்து தடை விதித்திருக்கிறது.

"அதெல்லாம் சரி, பவளம்தான் வெளிறிப்போய்விட்டதே, இனி எதற்குப் போக வேண்டும்?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2025இன் தொடக்கத்தில் கடல் சூடேறியதில் நிங்கலூவின் பவளங்கள் கடுமையாக வெளிறின. சூடு நீடித்தால் பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். அந்தப் பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருவது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் வெள்ளையாக நின்ற கிளைகளைக் காட்டியே சொன்னோம்.

கடல் சூட்டை ஒரு பூங்காவின் விதிகள் தடுக்காது, உண்மைதான். ஆனால் அடிபட்ட பவளம் மீண்டு எழ வேண்டுமானால் சுத்தமான தண்ணீர் வேண்டும், பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்கிற மீன்கள் வேண்டும், மிதிபடாமல் கிடக்க வேண்டும். இவை நம் கையில் இருப்பவை. பள்ளி விடுமுறையில் முகாம்களில் இடம் கிடைப்பதில்லை, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் போகலாம். பல மாதம் முன்னதாக முன்பதிவு செய்து, ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் வெயில் தணிந்த நாட்களில் போங்கள், தண்ணீரை மட்டும் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.