"உட்காருங்க சார்" என்றவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி மண்டபத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் அந்த நாற்பது விநாடித் துண்டு வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். நான் எழுந்து நிற்பதும், கையை நீட்டிப் பேசுவதும், ஒருவர் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொள்வதும், பின்னாலிருந்து "உட்காருங்க சார்" என்று நாலைந்து குரல்கள் எழுவதும் அதில் இருக்கின்றன. நான் என்ன கேட்டேன் என்பது மட்டும் இல்லை. அதனால் இரண்டு நாட்களாக எனக்கு வருகிற செய்திகளில் பாதிப்பேர் நான் ராணுவத்தைத் திட்டினேன் என்றும், மீதிப்பேர் நான் ரவுடிகளுக்கு வக்காலத்து வாங்கினேன் என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.

பேச்சாளர் சொன்னது இது: "நாலு வருஷம் நாட்டை மிலிட்டரி கையில குடுங்க. அமெரிக்காக்காரன் குவாண்டனாமோவுல போட்ட மாதிரி அள்ளிக்கிட்டுப் போய்ப் போடட்டும். கோர்ட்டும் வேணாம், வக்கீலும் வேணாம்." மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து கேட்டது ஒரே கேள்வி. தப்பான ஆளைப் போட்டுவிட்டால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? இதற்கு மேல் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச விடவும் இல்லை.

குவாண்டனாமோவைக் கைதட்டி வரவேற்றவர்களுக்கு அதைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். கியூபாவில் அமெரிக்க ராணுவம் 2002 ஜனவரியில் திறந்த அந்தச் சிறை முகாமில் இதுவரை ஏறத்தாழ 780 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகாமலேயே, ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குற்றவாளிகள் என்றால் ஏன் அனுப்பினார்கள், இல்லையென்றால் ஏன் வைத்திருந்தார்கள் என்று பேச்சாளர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, அது வெளிநாட்டுக்காரனோடு நிற்கவில்லை. ஹோசே படியா என்ற அமெரிக்கக் குடிமகன் 2002 மே மாதம் சிகாகோ விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். "எதிரிப் போராளி" என்று ஒரு பெயர் சூட்டி, மூன்றரை ஆண்டுகள் கடற்படைச் சிறையில் வைத்தார்கள். கடைசியில் சாதாரண நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட்டார்கள், அந்த நீதிமன்றம் 2007இல் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, 2008இல் தண்டனையும் கொடுத்தது. சாதாரண நீதிமன்றத்தால் முடிந்த காரியத்துக்கு நடுவில் அந்த மூன்றரை ஆண்டுகள் எதற்கு? 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் ராணுவக் காவலுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. எங்கள் குடிமக்களை விசாரணையின்றிக் காலவரையற்று வைக்க என் அரசு அனுமதிக்காது என்று எழுதி வைத்துக்கொண்டேதான் அவர் கையெழுத்துப் போட்டார். அரிவாளைத் தீட்டி நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவரை என்னவென்று சொல்வது? அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவருகிறவர் யார் என்று அவருக்குத் தெரியுமா?

சரி, அமெரிக்கா தூரம். பேச்சாளர் ஒவ்வொரு ஜூலை 10 அன்றும் மக்கான் சிக்னலில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறவர். 1806இல் அந்த நாள் காலை, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ஜில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்த பிறகு, அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை. நம் பேச்சாளர் கேட்ட முறை அப்படியே நடந்திருக்கிறது. அப்படியானால் மாலையை யாருக்குப் போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைப்பதில் நம் ஊருக்கு உள்ள அனுபவம் வேறு எந்த ஊருக்கும் இராது. கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தான், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. காமராசர் 1940 கடைசியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் பாதுகாப்புக் கைதியாக வேலூர் சிறைக்கு வந்தார். உள்ளே இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வைகோ 2002 ஜூலையிலிருந்து பத்தொன்பது மாதம் இருந்ததும் நம் வேலூர் சிறையில்தான். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சிக் கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது என்பதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். சட்டம் போடும்போது எல்லோரும் அடுத்தவனை நினைத்துத்தான் போடுகிறார்கள்.

"நீ ஒரு ராணுவ வீரனின் மகனா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். இவர் என்னோடு முப்பது ஆண்டுகளாகக் கோட்டை அகழியோரம் காலை நடை வருகிறவர், என் அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர். ஆகவே அப்பாவைப் பற்றியே சொல்கிறேன்.

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கறுப்புத் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் அவருடைய எண்ணும் பெயரும் எழுதியிருக்கும்; அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. 1971 போருக்குப் பிறகு பாகிஸ்தான் போர்க்கைதிகள் இருந்த ஒரு முகாமில் அவருக்குக் காவல் பணி. ஏறத்தாழ 93,000 பேர் நம் நாட்டில் இருந்தார்கள். அப்பா அடிக்கடி சொல்வது துப்பாக்கியைப் பற்றி இல்லை, பட்டியலைப் பற்றி. காலையிலும் மாலையிலும் பெயர் வாசிப்பார்களாம். ஒவ்வொருவருக்கும் எண் உண்டு, வீட்டுக்குக் கடிதம் போட அட்டை உண்டு. "எதிராளியா இருந்தாலும் கணக்குல இருக்கணும்டா, கணக்குல இல்லாதவனைக் காவல் காக்குறதுதான் பயம்" என்பார். 1974க்குள் அவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். நம்மோடு போர் செய்த சிப்பாய்க்கு ஜெனீவா உடன்படிக்கையின்படி நாம் கொடுத்த பட்டியலையும் அட்டையையும், நம் ஊர்க்காரனுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறீர்களே, இதில் ராணுவத்தை அவமதித்தது யார்? சீருடையைப் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்களைக் கதவு உடைத்து அள்ளும் வேலையை என் அப்பா கேட்டு வாங்கவில்லை. மண்டபத்தில் கைதட்டியவர்கள்தான் அந்த வேலையை அவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

"குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறாய்." குற்றவாளி என்று யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதுதானே கேள்வி. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு ஒரு வரியைச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

"நம் கோர்ட்டுகளில் ஒரு வழக்கு இருபது வருடம் இழுக்கிறது, அதுவரை சாட்சி உயிரோடு இருப்பானா?" இது நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு கொலை வழக்கில் அண்ணனை இழந்தவர் என்பது எனக்குத் தெரியும், அவரிடம் குரலை உயர்த்த எனக்குத் தகுதி இல்லை. வழக்கு இழுக்கிறது என்றால் நீதிபதிகளைக் கூட்டுங்கள், காலியிடங்களை நிரப்புங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும். அது அவருக்குப் பதில் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனைக் கொன்றவன் என்று தவறான ஒருவனை விசாரிக்காமலே அடைத்துவிட்டால், கொன்றவன் வெளியேதானே இருப்பான்?

"தீவிரவாதி தப்பித்துவிட்டால்?" வேலூர்க்காரர் இதைக் கேட்கலாமா? கோட்டைக்குள் திப்பு மகாலில் இலங்கைத் தமிழர்களுக்கான சிறப்பு முகாம் இருந்ததே. வெளிநாட்டினர் சட்டத்தின் பெயரால் வைத்திருந்த அந்த முகாமிலிருந்துதான் 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டிக்கொண்டு போனார்கள். விசாரணை இல்லாமல் வைத்தால் பாதுகாப்பு என்று யார் சொன்னார்கள்?

இனி எனக்கு நேராகத் தெரிந்த ஒரு கதை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மா பீடி சுற்றுகிறவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், மஞ்சள் பையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அவருடைய மகன் மேல் குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டத்தைப் போட்டிருந்தார்கள். ஆர்டர் காப்பியும் அதன் ஆவணங்களும் சேர்ந்து முந்நூறு பக்கத்துக்கு மேல். தையல் பிரிந்துபோன அந்தப் புத்தகத்தை அவர் பீடி கட்டுகிற சிவப்பு நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். பக்க ஓரங்களில் புகையிலைத் தூள் பட்ட விரல் தடம். பாதி ஆங்கிலம், பாதி அலுவலகத் தமிழ். "பொது ஒழுங்கு பராமரிப்பிற்குப் பாதகமான முறையில்" என்று ஒரு வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. தமிழாசிரியனாக முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்த நானே ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பையன் உத்தமன் இல்லை, மூன்று வழக்குகள் இருந்தன, அதில் ஒன்று திருவிழாத் தகராறு. ஏன் அடைக்கிறோம் என்பதற்கு அதில் எழுதியிருந்த காரணம், அவன் பிணையில் வெளிவர வாய்ப்புள்ளது என்பது. அதை நான் படித்துச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "ஜாமீன் குடுக்குறது கோர்ட்டுதானே சார்? கோர்ட்டு குடுக்குறதுக்கு முன்னாடியே இவங்க ஏன் வேணாங்குறாங்க?" உச்சநீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில், சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று சொன்னது. பீடி சுற்றுகிற அந்த அம்மா எந்தத் தீர்ப்பையும் படிக்காமலேயே அதைக் கேட்டுவிட்டார்.

குண்டாஸில் போனவன் சார்பில், போர்டு என்று எல்லோரும் சொல்கிற அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் பேச முடியாது. உறவினரோ நண்பரோ போகலாம். அதனால் நான் அவரோடு சென்னைக்குப் போனேன். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள், பொய் சொல்லமாட்டேன். ஆனால் இரவெல்லாம் எழுதி வைத்த நாலு பக்கத்தில் நான் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. உத்தரவு உறுதியானது. ஏழாவது மாதம் உயர்நீதிமன்றத்தில் குண்டாஸ் உடைந்தது; முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் செய்தார்கள் என்பது காரணம். அவன் செய்தானா இல்லையா என்பதை அந்த ஏழு மாதத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சிறைக்கு மனு பார்க்கப் போய், கம்பிவலைக்கு அப்பால் நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தும் இரைச்சலில் மகன் வாயைப் பார்த்துவிட்டு அந்த அம்மா வருவார். "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "கேக்கலை சார், நல்லாத்தான் இருக்கான்" என்பார்.

இந்தச் சட்டம் 1982இல் கள்ளச் சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று வந்தது. 2004இல் திருட்டு வீடியோ, 2014இல் இணையக் குற்றம் என்று நீண்டது. 2023 நவம்பரில் பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த செய்யாறு பக்கத்தில், மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தவர்களில் ஏழு பேர் மேல் பாய்ந்தது. ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மேல் போட்டதை அரசே ரத்து செய்தது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவன் மேல் குண்டாஸ்! அன்றைக்கு என்னோடு சேர்ந்து கொதித்தவர்களில் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்கள் வரிசையில் பார்த்தேன். கலெக்டர் கையெழுத்துப் போட்டு, அரசு ஒப்புதல் கொடுத்து, போர்டு பார்த்து, உயர்நீதிமன்றம் பார்க்கிற ஒரு சட்டமே இப்படி வழி தவறும் என்றால், இவை ஒன்றுமே இல்லாத ராணுவக் காவலில், தப்பான ஆளைப் போட்டுவிட்டால், யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என்னோடு காலை நடை வருகிற அந்த நண்பருக்கு. 2009 மே மாதத்துக்குப் பிறகு இலங்கையில் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் தமிழர்களை முள்வேலிக்குள் வைத்தார்களே, அந்தப் படங்களை நாளிதழிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி, பழைய பேருந்து நிலையத்தருகே நீங்களும் நானும் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த முகாம்களை நடத்தியது ராணுவம். கிழவிகளும் கைக்குழந்தைகளும் உள்ளே இருந்ததற்கு எந்த நீதிமன்ற உத்தரவும் கிடையாது. புலிகள் கலந்திருக்கக்கூடும், பிரித்தெடுக்க வேண்டும் என்றுதான் காரணம் சொன்னார்கள். கொழும்பில் அதற்கும் கைதட்டியவர்கள் இருந்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கென்று 1979இல் தற்காலிகமாக வந்த அவர்களுடைய பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது என்பதை எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தான். அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்கு அழுத கண்ணால் இந்த மண்டபத்தை எப்படிப் பார்க்க முடிந்தது?

ஞாயிறு இரவே நடைக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. திங்கள் காலை நான் வழக்கம்போல் போனேன், நம் பெஞ்சில் யாரும் இல்லை.

முழு வீடியோ பதினோரு நிமிடம் ஓடும் என்று மண்டபத்தில் படம் எடுத்த தம்பி சொன்னார். கேட்டிருக்கிறேன். "பெரியவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றார். வந்தால் அப்படியே வெட்டாமல் இங்கே போடுகிறேன். என் கேள்வி அதில் ஆறாவது நிமிடத்தில் வரும்.