மாச வாடகை கட்டுனா ஜனம் வந்துருமா?

ஞாயித்துக்கிழமை ஜூம் கூட்டத்துல ஒரு டிரெய்னர் தம்பி, வாட்ஸ்அப்ல துணி விக்கற நம்மகிட்ட சொந்த ஆன்லைன் கடைக்கு வருஷ பிளான் எடுங்கன்னு பேசுனதும், நம்ம அக்கா ஒருத்தங்க வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கிண்டல் பண்ணதும் நம்ம குரூப்ல அல்லாருக்கும் தெரியும், திரும்ப மொதல்ல இருந்து சொல்லப்போறதில்ல. ரெண்டு நாளா எழுத வேண்டாம்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா இன்னிக்குக் காலைல இருந்து மூணு பேரு இன்பாக்ஸ்ல வந்து "அக்கா அந்த வருஷ பிளான் எடுக்கலாமுங்களா, ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுதாம்"னு கேக்கறாங்க. மூணுல ஒருத்தி வளையல் அடகு வெச்சுக் கட்டலாமான்னு கேக்கறா. அதுக்கு மேல சும்மா இருக்க முடியலைங்க.

எடுக்காதீங்க. அதுதான் என் பதில். மாசாமாசம் காசு கட்டி ஆன்லைன் கடை வெக்கறதுங்கறது யாரும் நடக்காத ரோட்டுல கடை புடிச்சு வாடகை கட்டற மாதிரி. ஷட்டர் புதுசு, லைட்டு பளபளன்னு எரியும், போர்டு அழகா இருக்கும், ஆனா ஆள் வராது. ஆளை நீங்கதான் கூட்டிட்டு வரோணும், அதுக்குத் தனியா விளம்பரக் காசு. இதை அந்தக் கோட்டுப் போட்ட தம்பி ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவைகூடச் சொல்லல. "உலகமே உங்க கஸ்டமர் மேடம்"ங்கறாரு. உலகத்துக்கு எங்க நைட்டி எதுக்குங்க?

நான் சும்மா பேசல, கட்டிப் பாத்தவ. போன வருஷம் சித்திரைல வருஷ பிளான் எடுத்தேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, பேரு வேண்டாம், எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். வருஷத்துக்கு 18,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 21,240 ரூபா. நான் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவ, அதனால அந்த 3,240 ரூபாயைத் திரும்ப எடுக்கவும் வழி இல்ல, போனது போனதுதான்.

இப்போ நம்ம கணக்குக்கு வாங்க. 210க்கு எடுக்கற நைட்டியை 290க்குக் குடுக்கறேன், கொரியர் 60 தனி. 80 ரூபா நிக்குது, அதுல கவர், டேப்பு, மார்க்கெட்ல இருந்து மூட்டை தூக்கிட்டு வர்ற ஆட்டோ, எல்லாம் போனா கைல 60. அந்த 21,240ஐ அடைக்க மட்டும் 354 நைட்டி விக்கோணும். எனக்கு ஒரு ரூபா லாபம் வர்றதுக்கு முன்னாடி! அதோட முடியல. பணம் வாங்கற கேட்வேக்கு ரெண்டு சதவீதமும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும், சைட்டுக் கம்பெனியோட சொந்த பேமெண்ட்டை நாம பயன்படுத்தலைன்னு (நம்ம ஊருல அது இல்லவே இல்ல, இல்லாததைப் பயன்படுத்தலைன்னு அபராதம்) அந்தக் கம்பெனிக்கு இன்னொரு ரெண்டு சதவீதம். 350 ரூபா ஆர்டருக்கு 15 ரூபா அங்கயே போச்சு. அப்போ நிக்கறது 45. வாடகைக்கு மட்டும் 472 நைட்டி ஆச்சு. நம்ம கஸ்டமர் ஜிபேல அனுப்புனா யுபிஐக்கு நமக்கு ஒரு பைசா புடிக்கறதில்ல, 2020ல இருந்து அதுக்குக் கட்டணமே கிடையாது.

எனக்கு வந்த ஆர்டர் எத்தனைன்னு கேளுங்க. ஒரு வருஷத்துல 41. அதுல 26 பேரு ஏற்கனவே எங்கிட்ட வாட்ஸ்அப்ல வாங்கறவங்க, "சைட்டுல போடுங்க கண்ணு, அக்காவுக்காக"ன்னு நானே கெஞ்சி அனுப்புனவங்க. மீதி 15ல ஒம்பது கேஷ் ஆன் டெலிவரி, அந்த ஒம்பதுல அஞ்சு திரும்பி வந்துச்சு. போக வர கொரியர் நம்ம தலைல. ஒருத்தரு போனே எடுக்கல, ஒருத்தரு "சும்மா அமுக்கிப் பாத்தேங்க"ன்னாரு. அமுக்கிப் பாக்கறதுக்கு இது என்ன மாம்பழமா.

அதுல ஒரு கூத்து. சைட்டுல வாட்ஸ்அப் பட்டன் வெக்கறதுக்கு மாசம் 400 ரூபா தனி ஆப்பு. ஏன் வெச்சேன்? சைட்டுக்கு வந்த பொண்ணுங்க அத்தனை பேரும் துணியைக் கார்ட்ல போட்டுட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி "அக்கா இது இருக்குங்களா, சாயம் போகுங்களா, ஜிப் முன்னாடிங்களா சைடுலங்களா"ன்னு கேட்டாங்க. வாட்ஸ்அப்பை விட்டு வெளிய வரோணும்னு 21,000 கட்டிட்டு, திரும்ப வாட்ஸ்அப்புக்குள்ள போறதுக்கு மாசம் 400. எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன், வீட்டுக்காரரும் சிரிச்சாரு, அவரு சிரிச்சது வேற மாதிரி.

சரக்கு விஷயத்தைத்தான் இந்த டிரெய்னருங்க யாருமே புரிஞ்சுக்கறதில்ல. நாம திங்கக்கிழமை ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட்டுல எடுக்கறோம், இல்லைன்னா திருப்பூரு காதர்பேட்டைல எடுக்கறோம். ஒரு டிசைன்ல ஆறு பீஸ் கிடைக்கும், சேலைன்னா சமயத்துல ஒத்தப் பீஸு. அடுத்த வாரம் போனா அந்த டிசைன் இருக்காது. இப்போ அந்த ஒத்தச் சேலைக்கு நாலு போட்டோ, தலைப்பு, விவரம், எடை, நீளம், பிளவுஸ் இருக்கா இல்லையா, எல்லாம் டைப் பண்ணி ஏத்தறதுக்கு இருவது நிமிஷம். ஏத்தி முடிக்கறதுக்குள்ள ஸ்டேட்டஸ் பாத்து ஒருத்தி "எனக்கு எடுத்து வையுங்க"ன்னுடறா. சைட்டுல அதைத் தூக்க மறந்துட்டா, ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொருத்தி பணம் கட்டியிருப்பா. ஒரு சேலை, ரெண்டு பேரு. அந்த ரெண்டாவது பொண்ணுக்குப் பணம் திரும்பப் போறதுக்குள்ள அவ என்னைத் திருடி ரேஞ்சுக்குப் பேசிட்டா. அவளையும் தப்பு சொல்ல முடியாது.

இப்போ வருவீங்க, எனக்குத் தெரியும். "இன்ஸ்டா ஐடி போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" நியாயமான கேள்விதான். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டா எல்லாம் ஒண்ணா ஆறு மணி நேரம் படுத்துச்சே, தீபாவளிக்குச் சரியா ஒரு மாசம்தான் இருந்துச்சு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒத்துக்கறேன். ஆனா அடுத்த நாளே ஒரு நீளமான நோட்டு வாங்கி அத்தனை கஸ்டமர் பேரு, நம்பரு, அட்ரஸும் எழுதி வெச்சேன், இப்போ 640 பேரு இருக்காங்க. நோட்டு 70 ரூபா. சந்தா கட்டாம விட்டா சைட்டும்தானே மூடிருது? அதுவும் அடுத்தவன் எடம்தான். இதுக்கு மேல இந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, விடுங்க.

"பெரிய பிராண்டெல்லாம் இப்படித்தான ஆரம்பிச்சாங்க?" ஆமாங்க, அவங்களும் சோறுதான் திங்கறாங்க, நானும் சோறுதான் திங்கறேன்.

"நீங்க ஒழுங்காப் பண்ணிருக்க மாட்டீங்க." இதைத்தான் தாங்க முடியறதில்ல. இதை ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பியும் சொன்னாரு. விளம்பரத்துக்கு தினம் 300 ரூபா போடுங்கன்னாங்க, இருவது நாளு போட்டேன், 6,000 ரூபா. வந்து பாத்தவங்க எண்ணிக்கை மட்டும் ஏறுச்சு. பாத்தவங்க எல்லாம் வாங்கறவங்கன்னா பன்னீர்செல்வம் பார்க் முக்குல நிக்கற எல்லாரும் எனக்கு கஸ்டமரு. படுக்கப் போறப்போ மணி ஒண்ணு, எந்திரிக்கறது அஞ்சு, பையனுக்கு டிபன் கட்டிட்டே "மெட்டா பிக்சல்"னா என்னன்னு யூடியூப்ல பாத்தேன். இன்னும் என்னங்க ஒழுங்காப் பண்ணோணும்?

நானே சொல்றேன், எல்லாருக்கும் வேஸ்ட் இல்ல. திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு கொழந்தை உடுப்பு சொந்தமாத் தெச்சுப் போடறா. அவ டிசைன், அவ லேபிளு, ஒரே மாடல் வருஷம் முழுக்க, சைஸ் வாரியா எத்தனை வேணும்னாலும் தெச்சுக்கலாம், ஜிஎஸ்டி பதிவும் இருக்கு. ஒரு தடவை போட்டோ ஏத்துனா ஒரு வருஷத்துக்கு ஓடும். அவளுக்கு அந்தச் சந்தா ஒரு பெரிய காசே இல்ல. அவளுக்கு ஆவுது, நமக்கு ஆகாது, ஏன்னா அவ செய்யறா, நாம எடுத்து விக்கறோம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஜிஎஸ்டின்னதும் ஞாபகம் வருது. "இந்தியா பூரா விக்கலாம்"னாரே அந்தத் தம்பி, வருஷ விற்பனை நாற்பது லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாங்கறது தமிழ்நாட்டுக்குள்ள விக்கறவரைக்கும்தான்னு சொன்னாரா? ஒரே ஒரு நைட்டி பெங்களூருக்குப் போனாலும் பதிவு வேணும். இது வாட்ஸ்அப்ல விக்கற நமக்கும் சேத்துத்தான், அதையும் கேட்டுக்கோங்க. எனக்கு சைட்டுல வந்த பெங்களூர் ஆர்டர் நாலையும் "மன்னிச்சுருங்க"ன்னு சொல்லி நானே கேன்சல் பண்ணேன். ஒறம்பரையைக் கூப்ட்டுட்டுக் கதவைச் சாத்துன மாதிரி இருந்துச்சு.

சும்மா கிடைக்கறதையே நாம முழுசாப் பயன்படுத்தல. வாட்ஸ்அப் பிசினஸ்ல பொருளை போட்டோ, வெலையோட அடுக்கிக் காட்டற கேட்டலாக் இருக்குது, 500 பொருள் வரைக்கும் ஏத்தலாம், காசு இல்ல. ஒரே மெசேஜைப் பல பேருக்கு அனுப்பற பிராட்காஸ்ட் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேரு, ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணவங்களுக்குத்தான் போகும், அதனால பார்சல்ல ஒரு துண்டுச் சீட்டு வெச்சு "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு எழுதுங்க. இதைச் சொன்னா யாருக்கும் கமிஷன் வராது. அந்தத் தம்பி லிங்க்குல சேந்தா அவருக்குக் கமிஷன் வரும், ஸ்கிரீன்ல அடியில எறும்பு எழுத்துல போட்டிருந்தாங்க, எத்தனை பேரு பாத்தீங்க? சம்பாதிக்கட்டும், தப்பில்ல, நானும்தான் 210க்கு எடுத்து 290க்கு விக்கறேன். ஆனா நான் விக்கறப்போ வாங்கறவளைப் பாத்துச் சிரிக்கறதில்ல.

அதுதாங்க விஷயம். காசு கணக்கெல்லாம் சரி, அந்த வாய்ஸ் மெசேஜை எதுக்குப் போட்டாரு?

"கண்ணுகளா, சரக்கு வந்துருச்சு சாமீ, ஆறே பீஸுதான், பச்சை வேணுங்கறவ மொதல்ல சொல்லிப்போடு"ன்னு அக்கா பேசுனதை, பேரை மறைச்சுட்டா ஆச்சா? கொரலை மறைக்க முடியுமா? "இது பிசினஸா, இல்ல சந்தைக்கடையா மேடம்?"னு கேட்டுட்டு மறுபடி ஒரு தடவை போட்டாரு. சந்தைக்கடைதாங்க! சந்தைதான் எங்களுக்குச் சோறு போடுது! அக்கா புருஷன் தறியை வித்துட்டுப் படுத்ததுக்கு அப்புறம் ரெண்டு பொண்ணுங்களையும் அந்தக் கொரலை வெச்சுத்தான் படிக்க வெச்சாங்க. எனக்கு மொத மூட்டையைக் கடனுக்குக் குடுத்து "வித்துட்டுக் குடு"ன்னதும் அந்தக் கொரல்தான். நான் சைட்டு ஆரம்பிச்சப்போ மட்டும் "எனக்கு அதெல்லாம் புரியாது சாமீ, ஆனா நீ பேசறதை விட்றாத"ன்னாங்க. எனக்கு அப்போ எரிச்சலா இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், நீங்க கமெண்ட்ல சொல்றதுக்கு முன்னாடி. அன்னிக்கு அந்த வாய்ஸ் ஓடுனப்போ சிரிப்பு எமோஜி போட்ட முப்பது நாப்பது பேருல நானும் ஒருத்தி. அடுப்புல பால் வெச்சுட்டு அரைக்காதுல கேட்டேன், எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். ரெண்டாவது தடவை போட்டப்பதான் யாருன்னு தெரிஞ்சுது. எடுத்துடலாம்னு பாத்தேன், அது மேல போயிருச்சு. அக்கா அந்த ஜூம்ல இருந்தாங்க. அவங்க பொண்ணுதான் சேத்துவிட்டிருந்தா.

நேத்து ராத்திரி மார்க்கெட்டுல பாத்தேன். டீ வாங்கிக் குடுத்தாங்க, அதைப் பத்திப் பேசவே இல்ல, பாலியஸ்டர் வெலை ஏறுனதைத்தான் பேசுனாங்க. நானும் பேசல.

வழக்கமா செவ்வாக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் அக்கா குரூப்ல வாய்ஸ் வந்துரும். இன்னிக்கு ஒம்பதரைக்கு வந்துச்சு. டைப் பண்ணியிருந்தாங்க. "சரக்கு வந்தது. விலை 290."