கவாஜா யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறார்?

ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் உஸ்மான் கவாஜா ஓய்வை அறிவித்தபோது, மற்ற வீரர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் சோம்பேறி என்றார்கள் என்று மனம் திறந்து பேசினார். அது பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பிழைக்கப் போன இடத்தில், வாழவைத்த நாட்டையே குறை சொல்கிறான், நன்றி கெட்டவன்" என்று நண்பர் ஒருவர் எழுதினார். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், அவர் பிழைக்கப் போனவர் இல்லை. இஸ்லாமாபாத்தில் பிறந்து, விவரம் தெரியாத வயதில் அப்பா அம்மாவோடு சிட்னிக்குப் போன பிள்ளை. படித்தது, கிரிக்கெட் பழகியது, விமானம் ஓட்டும் உரிமம் வாங்கியது எல்லாம் அங்கேதான். அதே அணியில் ஆடிய மார்னஸ் லபுஷேன் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பத்து வயதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். அதாவது கவாஜாவை விடப் பெரிய வயதில் வந்தவர். அவரிடம் யாராவது நன்றி கேட்டிருக்கிறீர்களா? நியூசிலாந்தில் பிறந்த பென் ஸ்டோக்ஸ் இங்கிலாந்துக்காக ஆடி, 2019 உலகக் கோப்பை இறுதியில் அந்த நியூசிலாந்தையே தோற்கடித்தார். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கவாஜாவிடம் மட்டும் ஏன் வாடகை வசூலிக்கிறீர்கள்?

அப்படியே கடன் இருந்தாலும் அதை எப்போதோ அடைத்துவிட்டார். 2018 அக்டோபர், துபாய் டெஸ்ட். எதிரில் பாகிஸ்தான், அவர் பிறந்த நாடு. பந்து திரும்புகிறது, சுற்றி நெருக்கமாக ஃபீல்டர்கள். பாகிஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் யாசிர் ஷாவை, மட்டையைத் திருப்பிப் பிடித்து அடிக்கும் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடி ஆடியே களைக்க வைத்தார். 302 பந்து, 524 நிமிடம், 141 ரன். தோற்க வேண்டிய ஆட்டம் டிரா ஆனது. இப்படிப்பட்டவரைத்தான் 'சோம்பேறி' என்கிறார்கள்.

அடுத்த வருடமே, இங்கிலாந்தோடு ஆடும் ஆஷஸ் தொடரின் நடுவில் அணியிலிருந்து தூக்கினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தார். 2022 ஜனவரியில் அணியில் இருந்த டிராவிஸ் ஹெட்டுக்கு கொரோனா வந்ததால் சிட்னி டெஸ்ட்டில் இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 137, அடுத்ததில் 101 நாட் அவுட். வயது 35. அடுத்த வருடத்துக்கான, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) சிறந்த டெஸ்ட் வீரர் விருதும் அவருக்குத்தான்.

"பெர்த் டெஸ்ட்டுக்கு முன்னால் கோல்ஃப் ஆடினார், முதுகு பிடித்துக்கொண்டது, அதைக் கேட்கக் கூடாதா?" தாராளமாகக் கேளுங்கள். இலங்கையின் காலேயில் 232 அடித்த பிறகு ரன் வரவில்லை என்பதும் உண்மை. நீக்கியிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அவர் பேசியது வேறு. கோல்ஃப் ஆடிக் காயம் பட்ட மற்றவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை, என்னை மட்டும் அக்கறை இல்லாதவன், சுயநலக்காரன், சோம்பேறி என்றார்கள் என்றார். இதில் எந்த வரி நன்றிகெட்ட வரி?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்காகப் போய்க் குடியேறிய ஊரில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் லாரிக் கணக்கை எழுதியது நான்தான். லாரிக்காரர் கொடுக்கும் ஈரமான ரசீதுகளைக் காயவைத்து, நோட்டில் ஒட்டி வைப்பேன். ஒரு கூட்டத்தில், ஆள் இல்லாத வீட்டுக்கும் ஏன் முழுப் பணம் வாங்குகிறோம் என்று கேட்டேன். "வந்த இடத்தில் அனுசரித்துப் போங்க சார்" என்றார் ஒருவர். அவர் என் மாடிக்கு எனக்குப் பிறகு குடிவந்தவர். கணக்கு எழுதும்போது நான் அந்த ஊர்க்காரன். கேள்வி கேட்டதும் வந்தவன்.

"அணி அவருக்காக ஷாம்பெயினையே நிறுத்தியதே?" என்கிறீர்கள். ஆமாம், ஆஷஸ் கோப்பையோடு நின்றபோது, முஸ்லிமான கவாஜா மதுவைத் தவிர்த்து ஒதுங்கி நின்றதைப் பார்த்து கேப்டன் கம்மின்ஸ் அதைச் செய்தார். எனக்கும் கண் கலங்கியது. அது ஒரு நல்ல கேப்டனின் குணம். அதைக் காட்டி, இனிமேல் வாயை மூடு என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

"விளையாட்டில் எதற்கு அரசியல்?" 2023 டிசம்பரில், காஸா போர் நடந்தபோது காலணியில் அவர் எழுதியது, எல்லா உயிரும் சமம், சுதந்திரம் மனித உரிமை, அவ்வளவுதான். ஐசிசி விதி அனுமதிக்கவில்லை என்றதும் அந்த எழுத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார். கையில் கறுப்புப் பட்டி கட்டியதற்குக் கண்டனம் வாங்கினார். குழந்தைகள் சாகக் கூடாது என்று நினைப்பதற்குக்கூட அவர் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

"பாகிஸ்தான்காரனுக்கு ஏன் வக்காலத்து?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அகமதாபாத்தில் நம் பந்துவீச்சாளர்களை நாள் முழுக்க ஓடவிட்டு 180 அடித்தாரே, அன்றைக்கு அவர் உங்களுக்கு ஆஸ்திரேலியாக்காரர்தானே?

கமெண்ட் போட்ட நண்பரை நான் நீக்கப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லபுஷேன் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அப்புறம் பேசுவோம்.