ரீசெட் வேறு, கிளீன் இன்ஸ்டால் வேறு

கடையில் வாங்கிய லேப்டாப்பை ‘ரீசெட்’ போட்டுவிட்டு, “சுத்தமாயிடுச்சு” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. பல மாடல்களில் கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பிய ட்ரையல் ஆன்டிவைரஸும் இன்ன பிற குப்பைகளும் ரீசெட்டோடு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றின் நகல் அதே டிஸ்க்கின் ரெக்கவரி பகுதியில்தானே இருக்கிறது!

டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் கிளீன் இன்ஸ்டால். அதற்கு 8 ஜிபி பென்டிரைவும், அதில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். (பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.) விண்டோஸ் கீயைத் தேடி அலைய வேண்டாம், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அது மதர்போர்டு ஃபர்ம்வேரில் பதிந்து வருகிறது. கூடவே வந்த ஆஃபீஸ் அப்படியல்ல. அழிக்கும் முன் ஒருமுறை திறந்து உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பலரும் மாட்டுவது டிஸ்க் தேர்வு செய்யும் திரையில். பென்டிரைவ் தெரியும், எஸ்எஸ்டி தெரியாது. உடனே “எஸ்எஸ்டி போச்சு” என்று கழற்றப் போகாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியை இன்டெல் கன்ட்ரோலர் வழியாக இயக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கும்; அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரிடம் இருக்காது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற அந்த டிரைவரை முன்பே பென்டிரைவில் போட்டு வைத்து, ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். இஎக்ஸ்இ ஃபைலாகப் போட்டால் வேலைக்காகாது, பிரித்து ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டராக வேண்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு செட்டிங்ஸில்) விஎம்டியை அணைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அணைத்த பிறகு “போட்டோ எடுக்க மறந்துட்டேனே” என்று பழைய விண்டோஸுக்குத் திரும்பினால் அது பூட் ஆகாது, அல்லது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க கீயைக் கேட்கும். பேக்கப் முதலில், பயாஸ் பிறகு.

டிஸ்க் தெரிந்ததும் அதிலுள்ள பார்ட்டிஷன்கள் (பிரித்து வைத்த பகுதிகள்) எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டு, காலி இடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் அழுத்துங்கள். தேவையான சின்னப் பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும். இரண்டாவது டிஸ்க் இருந்தால், அது தவறி அழிந்துவிடாமல் முன்பே கழற்றி வைப்பது உத்தமம். கம்பெனியின் ரெக்கவரியும் இதில் போய்விடும், வேண்டுமென்றால் முன்பே ரெக்கவரி டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை டிரைவர் இல்லாமல் செட்டப் நின்றால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் (போனின் இன்டர்நெட்டை கேபிள் வழியே தருவது) போடுங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட்டை இரண்டு முறை ஓட்டினால் முக்கால்வாசி டிரைவர் வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் இன்னும் மஞ்சள் குறி இருந்தால் மட்டும் தயாரிப்பாளர் தளத்துக்குப் போங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ சாஃப்ட்வேர் எதையும் தொடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் லாகினிலேயே கம்பெனி சாஃப்ட்வேர் எட்டிப் பார்க்கிறதா? சில மாடல்களில் பயாஸே அதை விண்டோஸுக்குள் தள்ளிவிடும். அதை அணைக்கும் ஆப்ஷன் பயாஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.